தெளிவாகக் கேட்ட சீட்டி

என் சக்களத்திக்கு நீல நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கறுப்புதான். வெயில் பட்டால் மட்டும் நெற்றியிலும் தோளிலும் நீலம் மின்னும். வாலை விசிறியாக விரித்து மெதுவாக மூடிக்கொள்வாள். விடிவதற்குள் எழுந்து, மனுஷன் வாயைக் குவித்து அடிப்பதுபோலவே சீட்டியடிப்பாள். மலையாளத்தார் சூளக்காக்கா என்கிறார்கள். எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் சீட்டிக்குருவி. பக்கத்து வீட்டு ராமுத்தாய் கல்யாணமாகி வந்த புதிதில், ஓடைக்கரையில் எவனோ தன்னைப் பார்த்துச் சீட்டியடிக்கிறான் என்று விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு போனவள்.

என் வீட்டுக்காரர் சூசையப்பனுக்கு அந்தக் குருவியின் பெயர்கூடத் தேவையில்லை. "அது" என்பார். அது இன்றைக்கு நண்டு பிடித்தது, அது நண்டைப் பாறையில் அடித்துக் காலை உடைத்தது, அது முட்டை வைத்திருக்கிறது. பொண்டாட்டி நேற்று என்ன குழம்பு வைத்தாள் என்று கேட்டால் முழிப்பார். குருவி என்ன தின்றது என்று கேட்டால் கடகடவென்று சொல்வார். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு எரிச்சல் வருமா வராதா? அதனால்தான் சக்களத்தி என்று பெயர் வைத்தேன். அவருக்கு அதில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

சித்திரபுரத்துக்கு மேலே இருக்கிறது எங்கள் டிவிஷன். நான் கொழுந்து பறிக்கிறவள். அவர் எஸ்டேட்டில் தண்ணிக்காரர். லயத்துக்கு அரை மைல் மேலே, சோலைக்காட்டுக்குள் ஓடையை மறித்து ஒரு சின்னத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து இரும்புக் குழாய் இறங்கி லயத்தின் கீழ்க்கோடியில், ஓடைப் பாலத்தை ஒட்டிய பைப்படியில் முடியும். பன்னிரண்டு வீட்டுக்கும் அந்த ஒரு பைப்புதான். தொட்டியின் வலையில் இலை அடைத்தால் தண்ணீர் நின்றுவிடும். உடனே பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் என் வாசலில் வந்து நிற்பார்கள். அவர் மேலே போய் அடைப்பை எடுப்பார்.

மேலே டவர் கிடையாது. அதனால் குழாயிலேயே பேசிக்கொள்வோம். ஸ்பேனரால் அவர் இரண்டு தட்டு தட்டினால், வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். மூன்று தட்டு என்றால் தண்ணீர் விட்டாயிற்று, குடத்தை வையுங்கள். கீழே வரிசையில் முதலாவதாக நிற்பவள் பைப்படித் திண்டில் கிடக்கும் கல்லை எடுத்து ஒரு தட்டு தட்ட வேண்டும். அதுதான் பதில் தட்டு, கேட்டுவிட்டது என்று அர்த்தம். முன்பு ஒரு தடவை பதில் வராமலேயே அவர் இறங்கிவிட, கீழே ஆளில்லாமல் திறந்து கிடந்த பைப்பில் தொட்டி முழுக்க ஓடிப்போனது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டினார். அன்றிலிருந்து என் மனுஷனுக்குப் பிடிவாதம். பதில் தட்டு வராமல் குழாயை விட்டு ஒரு அடி நகர மாட்டார். நாங்களோ தட்டுச் சத்தம் கேட்டதும் குடத்தை எடுக்க ஓடுவோமே தவிர, கல்லை எடுக்க மறந்துவிடுவோம். அவர் மேலே தட்டிக்கொண்டே இருப்பார். "ஒருத்திக்காவது ஒரு தட்டு தட்ட கை வராதாடி?" என்று நனைந்த சட்டையோடு வந்து சலித்துக்கொள்வார். நாங்கள் சிரிப்போம்.

அந்தத் தொட்டிக்கு நேர் மேலே, தண்ணீர் விழும் பாறையின் இடுக்கில்தான் குருவியின் கூடு. பாசியும் வேரும் சேறும் வைத்துக் கட்டியது. நாலு வருஷமாக அதே இடுக்கு. ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். தண்ணீர் விழுகிற இரைச்சலில் அவர் என் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டியிருந்தது.

"இம்புட்டுச் சத்தத்துல எப்படிங்க தூங்குது?" என்று கேட்டேன்.

"சத்தம் நின்னாத்தான் அதுக்குத் தூக்கம் போயிரும். அருவி எரையுற எடமாப் பாத்துதான் குடியிருக்கும். தண்ணி சத்தம் இல்லாத பக்கம் கூடே கட்டாது" என்றார்.

இரண்டு வருஷம் முன்பு தொடுபுழையிலிருந்து ஜோமோன் என்ற பையன் வந்தான். காலேஜில் பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன். நாலு வீடு தள்ளியிருக்கும் சிலுவைராஜ் வீட்டில் மூன்று மாதம் தங்கி, குருவியின் சீட்டியை மெஷினில் பிடித்தான். ஏப்ரல், மே எல்லாம் நன்றாகப் பிடித்தது. ஜூனில் மழை இறங்கியதும் மெஷினில் ஓடை இரைச்சல் தவிர ஒன்றும் இல்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் உட்கார்ந்தான்.

"மழைக்காலத்துலதான் சேச்சி அது நல்லா பாடும். பக்ஷே ஓடை எல்லாத்தையும் முழுங்கிடுது. மழை நேரத்துல, இங்க லயத்துல இருந்து அதோட சீட்டி தெளிவா கேட்டா எனக்கு ஒடனே போன்ல விளிக்கணும், கேட்டோ?"

"எதுக்கு?"

"அப்படிக் கேக்க வழியே இல்ல. அதான்" என்று சிரித்துவிட்டு மெஷினைப் பைக்குள் வைத்தான்.

உண்மைதான். மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் யாரும் மெதுவாகப் பேச மாட்டார்கள். ஓடை இரைகிற இரைச்சலில் புருஷன் பொண்டாட்டி ரகசியம்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை எங்களுக்குத் தொண்டை கட்டியே இருக்கும்.

இந்த ஆகஸ்டில் ஒன்பது நாளாக விடாத மழை. பதினான்காம் தேதி ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்து, ஆரஞ்சு அலர்ட், எல்லோரும் ஸ்கூலில் போட்டிருக்கும் கேம்ப்புக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் போனோம். ஒன்றும் நடக்கவில்லை. சளியும் மூட்டைப்பூச்சியும்தான் மிச்சம். மறுநாள் மாதா விண்ணேற்புத் திருநாள் வேறு. யாரும் போகவில்லை. எங்கள் மகள் லிஜி கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். திருநாளுக்கென்று வந்திருந்தாள்.

பதினைந்தாம் தேதி காலை ஆறு மணிக்குப் பைப் நின்றது.

ஒன்பது மணிக்குப் பூசை. ஒரு வீட்டிலும் யாரும் குளிக்கவில்லை. வழக்கம்போல என் வாசலில் கூட்டம். இவர் கட்டிலில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை கொஞ்சம் விடட்டும் புஷ்பம். என்னமோ ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

"என்ன மாதிரியா இருக்கு?"

"தெரியல. காது அடைச்ச மாதிரி இருக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் நிற்பவர்கள் எல்லாம் என் முகத்தையே பார்க்கிறார்கள். "மழை விடணும்னா அடுத்த மாசம்தான் குளிக்கணும். குருவியப் பாக்கணும்னா இடி மழையிலயும் ஓடுவீங்க. பெத்த மக திருநாளும் அதுவுமா குளிக்கணும்னா மட்டும் காது அடைக்குதாக்கும்!"

அவர் எழுந்தார். பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார். வாசல் தாண்டும்போது திரும்பி, "குஞ்சு மூணும் இன்னைக்கோ நாளைக்கோ பறந்துரும். அதையும் பாத்துட்டு வாரேன்" என்றார்.

"பாத்துக்கிட்டு அங்கயே இருங்க" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். பன்னிரண்டு வீடும் கேட்டது.

அவர் போய் அரை மணி நேரம் இருக்கும். அடுப்பில் கட்டன் சாயா கொதித்துக்கொண்டிருந்தது. சீட்டி கேட்டது. ஒரு நீளச் சீட்டி, நடுவில் வளைந்து, கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறியது. வீட்டுக்குள்ளேயே யாரோ நின்று அடிப்பதுபோல் இருந்தது. வெளியே வந்து பார்த்தேன். பைப்படித் திண்டின்மேல் குருவி உட்கார்ந்திருந்தது. அத்தனை மழையில், அத்தனை மனுஷருக்கு நடுவில், வாலை விரித்து மூடிக்கொண்டு, நிறுத்தாமல் பாடியது.

"ஏ புஷ்பம், இங்க வந்து பாரு. உன் சக்களத்தி திருநாளுக்கு வந்துட்டா!" என்று ராமுத்தாய் கை தட்டினாள். "என்ன தெளிவாப் பாடுதா பாரேன்!"

ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்று கேட்டார்கள். சிலுவைராஜ் போனை எடுத்து வீடியோ பிடித்தான். மாதா திருநாளுக்கு மாதாவே அனுப்பின பாட்டு என்று யாரோ சொன்னார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கோபம் கொஞ்சம் தணிந்தது. அவர் வந்ததும் சொல்ல வேண்டும், உங்கள் ஆள் உங்களைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள் என்று.

அப்போது குழாயில் இரண்டு தட்டு கேட்டது. மேலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"லிஜி, வாளியக் கொண்டுபோய் வரிசையில வையி" என்றேன். லிஜி வீட்டின் அந்தக் கோடியில், பின்கட்டில் தலைவாரிக்கொண்டிருந்தாள். "இந்தா போறேம்மா" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு போனாள். ஏதோ ஒன்று எனக்குச் சரியாகப் படவில்லை. என்னவென்று தெரியவில்லை. சாயாவை இறக்கி வைத்தேன். ராமுத்தாய் வீட்டு ரேடியோவில் கொடியேற்றச் செய்தி படித்தார்கள், வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. யாரோ இருமினார்கள். தகரக் கூரையில் மழை கொட்டியது.

மறுபடியும் குழாயில் தட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. நிற்கவில்லை. நாலு, ஐந்து, ஆறு. டங் டங் டங் டங் என்று ஒரே அடி.

"அண்ணனுக்குக் குஷி பொறந்துருச்சு!" சிலுவைராஜ் பைப்படியிலிருந்து கத்தினான். "மைனி, கோயில் மணி அடிக்காரு பாருங்க. எல்லாரும் கொடத்தக் கொண்டாங்க, இன்னைக்குத் தண்ணி பிச்சுக்கிட்டு வரும்!"

மூன்றுக்கு மேல் தட்டினால் என்ன அர்த்தம் என்று நாங்கள் வைத்துக்கொண்டதே இல்லை. தட்டு என்றால் தண்ணீர். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். இருந்தவர்கள் எல்லாம் குடமும் வாளியுமாகக் கீழ்க்கோடிக்கு ஓடினார்கள். நானும் ஒரு பானையை எடுத்துக்கொண்டு போனேன்.

பாதி வழியில் நின்றுவிட்டேன். லிஜியைக் கத்தாமல் கூப்பிட்டேன், அவளும் கத்தாமல் பதில் சொன்னாள். ஆகஸ்ட் மாதத்தில். ஒன்பது நாள் மழையில்.

சீட்டி கேட்டது. அவ்வளவு தெளிவாக. அப்படிக் கேட்க வழியே இல்லை என்று ஜோமோன் சிரித்தது ஞாபகம் வந்தது.

பாலத்துக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். ஓடையில் தண்ணீர் இல்லை. சேறாக ஒரு நூல் ஓடியது. மழைக்காலத்தில் நாங்கள் பார்த்தே இராத பெரிய பெரிய கற்கள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. அவற்றின்மேல் நண்டுகள் ஏறிக்கொண்டிருந்தன, நூறு, இருநூறு. பக்கத்தில் குருவி உட்கார்ந்திருக்கிறது, ஒன்றைக்கூடத் தொடவில்லை. புதிதாகக் கிண்டிய மண்ணின் வாசனை அடித்தது.

வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போது ஓடைத் தண்ணீர் எங்கே போயிற்று? மேலே எங்கேயோ மண் சரிந்து அதை அடைத்து வைத்திருக்கிறது. பஞ்சாயத்தில் ஒருதரம் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். உருள்பொட்டுவதற்கு, அதாவது மலை சரிந்து இறங்குவதற்கு, முன்னால் ஓடை வற்றும், கவனியுங்கள் என்று. டீயும் வடையும் தருகிறார்கள் என்று போனவர்கள் நாங்கள், வடையைக் கவனித்துவிட்டு வந்தோம்.

அவர் அதைத்தான் தட்டுகிறார்.

"எல்லாரும் மேல ஏறுங்க! ஓடை நின்னுருச்சு! உருள் பொட்டப் போவுது!"

ராமுத்தாய் வரிசையில் முதலாவதாக நின்றாள். "தண்ணி வாரப்ப வந்து ஏன்டி கத்துத? நீ கடைசிக் கொடம், கடைசியிலதான் புடிக்கணும்" என்றாள். நான் வரிசையில் முந்தப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டாள். சத்தியமாக அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் இரண்டு தடவை நான் அப்படி முந்தியிருக்கிறேன். லிஜி மட்டும் என் முகத்தைப் பார்த்து வாளியை விட்டுவிட்டாள். மற்றவர்கள் அசையவில்லை. எங்கள் லயத்தில் உயிரை விட்டாலும் வரிசையில் இடத்தை விட மாட்டோம்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. காலால் ஒரு உதை விட்டேன். முதல் குடம் உருண்டு அடுத்ததில் மோதியது. வாளிகளைத் தூக்கி ஓடைக்குள் எறிந்தேன். ராமுத்தாயின் பித்தளைக் குடம், அவள் அம்மா சீராகக் கொடுத்தது, அதை மட்டும் இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டில் தினமும் எங்களைப் பேர் கூப்பிடும் மஸ்டர் கொட்டகையைப் பார்த்து ஓடினேன்.

"அடிப்பாவி, பேயி புடிச்சிருச்சாடி உனக்கு! எங்கொடத்தக் குடுடி!"

அவள் என் பின்னால் வந்தாள். அவள் பின்னால் வரிசை முழுக்க வந்தது. சிலுவைராஜ் எங்களை விலக்கிவிட ஓடி வந்தான். சண்டை என்றால் எங்கள் லயத்தில் வீட்டுக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தலையில் சோப்பு நுரையோடு, பல் விளக்குகிற பிரஷ்ஷோடு, அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க மேட்டுக்கு ஏறினார்கள். நான் ஓடிக்கொண்டே கேட்டேன். டங் டங் டங் டங். நிற்கவே இல்லை.

கொட்டகை வாசலில் ராமுத்தாய் என் தலைமுடியைப் பிடித்துவிட்டாள். அப்போது மலைக்குள் லாரி லாரியாகக் கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. தரை நடுங்கியது. தட்டுச் சத்தம் நின்றது.

பிறகு பழுப்பாக ஒரு சுவர் சோலையைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. மரங்கள் நின்றபடியே வந்தன. பைப்படி, பாலம், கீழே இருந்த ஏழு வீடுகள், என் வீடு, ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ராமுத்தாயின் கை என் முடியிலேயே இருந்தது, ஆனால் அவள் இழுக்கவில்லை.

நாற்பத்து மூன்று பேர் மேட்டில் நின்றோம். சிலுவைராஜ் எண்ணினான். அவனைத் தவிர எல்லோரும் அழுதோம்.

"அப்பா எங்கம்மா?" என்றாள் லிஜி.

கேம்ப்பில் ஆளாளுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உன் வீட்டுக்காரர் தெய்வம், தன் உயிரைக் கொடுத்து எங்களைக் காப்பாற்றினார் என்றார்கள். சாமியார் ஜெபம் சொன்னார். ராமுத்தாய் தன் பித்தளைக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து என் முகத்தைக் கழுவிவிட்டாள். சிலுவைராஜ் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. நாற்பது விநாடி. குருவி பாடுகிறது. கடைசியில் அந்த இரண்டு தட்டும் கேட்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஜோமோன் விளித்தான். "ஞான் அன்னைக்குச் சிரிச்சிட்டுப் போயிட்டேன் சேச்சி" என்றான்.

எல்லோரும் ஒன்று கேட்டார்கள். தொட்டிக்குப் பக்கத்திலேயே பெரிய பாறைத் திட்டு இருக்கிறதே, இருபது அடி ஏறியிருந்தால் பிழைத்திருப்பாரே, உருள் வரும் என்று தெரிந்தவர் ஏன் ஏறாமல் நின்றார் என்று. அந்தப் பாறைத் திட்டு இன்னும் அப்படியே இருக்கிறது, மண் அதைத் தொடவில்லை என்று ஃபயர்ஃபோர்ஸ்காரர்களும் சொன்னார்கள்.

ஏன் நின்றார் என்று எனக்குத் தெரியும். நாங்கள் பதில் தட்டவில்லை.

கல் திண்டிலேயே கிடந்தது. ராமுத்தாயின் குடத்தைத் தூக்கும்போது என் கை அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. ஒரு தட்டு. குனிந்து எடுத்து ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தால், கேட்டுவிட்டது என்று தெரிந்து பாறையில் ஏறியிருப்பார். நான் குடத்தை உதைத்தேன், வாளியை எறிந்தேன், ஊரைக் கூட்டினேன். அது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அவர் கடைசிவரை தட்டினார், ஒருத்திக்காவது கை வராதா என்று.

நாலாம் நாள் மழை வெறித்தது. ஆட்கள் மேலே தேடிக்கொண்டிருந்தார்கள். கீழே யாரையும் விடவில்லை. சிலுவைராஜ் எப்படியோ பேசி என்னையும் லிஜியையும் கூட்டிக்கொண்டு போனான். பைப்படி இருந்த இடம் தெரியவில்லை. ஓடை வேறு பாதையில் பழையபடி இரைந்துகொண்டிருந்தது. குருவியைத் தேடினேன். இருந்ததோ என்னவோ, அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

சேற்றிலிருந்து முழங்கை நீளத்துக்குக் குழாய் ஒன்று மேலே நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் குழாய்தான். நான் உட்கார்ந்து ஒரு கல்லை எடுத்தேன்.

"மைனி, என்ன செய்யுதீய?" என்றான் சிலுவைராஜ்.

ஒரு தட்டு தட்டினேன். சரியாக ஒன்று.

"கேட்டுருச்சுங்க" என்று கத்தினேன். ஓடை இரைச்சலில் கத்தித்தானே சொல்ல வேண்டும். "எல்லாரும் ஏறியாச்சு. போதும், எறங்கி வாங்க."